எண்ணெய் வளவின் பயனாளிகள்

வெள்ளவத்தை,
மாசி 1997.

அன்புள்ள மச்சான் நாகேந்திரத்துக்கு,

ரொறன்ரோக் குளிரில் நீரும் மனைவி மக்களும் மூக்குச் சிந்தாமல் வாழக் கதிர்காமக் கந்தன் காப்பாராக. இங்கே நான் பிறஷரோடும் உமது அக்கா கனகேஸ்வரி சலரோகத்தோடும் மெத்தச் சுகம்.

விடயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைத்து, கண்டவுடன் திருப்பி அனுப்பவும். உமது கையெழுத்து வராவிட்டால் எங்கள் ஒழுங்கைக் கடைசி வளவு லொறிகள் நிறுத்துகிற இடமாகிவிடும்.

எந்த வளவென்று கேட்கமாட்டீர் என்று நம்புகிறேன். பின்னேரங்களில் எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்து பல்ப் கொளுவி பட்மின்டன் விளையாடினோமே, அதே வளவுதான். கடற்காற்று பந்தைக் கொண்டுபோய்ப் பிறிஜெற் ரீச்சரின் கூரையில் போடும். தோற்கிற நாளெல்லாம் வலை பதிந்துவிட்டது என்று சொல்லி நீர் முழக்கோலோடு வருவீர். துணிக்கடைப் பௌஸி சிரித்துச் சிரித்தே அடுத்த ஆட்டத்தையும் வெல்லுவார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வலை கட்ட ஆளில்லை. ஒரு கராஜ்காரர் வந்து வருஷக்கணக்காகப் பழைய எஞ்சின் எண்ணெயை அங்கேயே ஊற்றிவிட்டுப் போய்விட்டார். மழை பெய்தால் ஒழுங்கை முழுவதும் ஏழு வர்ணத்தில் தண்ணீர் ஓடும், புல்லுக்கூட முளைக்காது. அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு எரியும்.

நஞ்சூறிய நிலத்தைத் துப்புரவாக்க அரசாங்கம் உதவி கொடுக்கிறது என்று அறிந்து விண்ணப்பித்தேன், தந்தும்விட்டார்கள். மண் அள்ளத்தான் தந்தார்கள் என்று நினைத்தேன், அறிக்கை எழுதத் தந்தது என்று பிறகுதான் விளங்கியது. மூன்று மாதத்துக்கொரு அறிக்கை, அதற்கு மூன்று பிரதி, அறிக்கை பிந்தியதற்கு விளக்கமாக இன்னொரு அறிக்கை. ‘இந்நிலம் முன்னர் எதற்குப் பயன்பட்டது?’ என்று ஒரு கேள்வி. அரைவரி இடம் விட்டிருந்தார்கள். எனக்கு அது காணுமா? எங்களோடு விளையாடிய பாலேஸ்வரி பந்தடித்துத் தொடங்கும் சேவிஸிலிருந்து உமது முழக்கோல் வரை தனித்தாளில் எழுதி இணைத்தேன். ‘விளையாட்டுப் புள்ளிவிபரங்கள் தேவையில்லை’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. பிறகு மண் மாதிரி கேட்டார்கள். பால்மா ரின்னில் மண்ணை அடைத்து, பொரளை ஆய்வுகூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோகிறேன், சோதனைச்சாவடியில் இறக்கிவிட்டார்கள். ஆமிக்காரர் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, “மொகத்த மே?” என்று, இது என்னவென்று கேட்டார். அரசாங்கத்துக்கு றிப்போட் எழுதுவதற்கான மண் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். “ஆ, றிப்போட்! யன்ன அங்கிள், யன்ன” என்று போகச் சொல்லி, அவரே அடுத்த பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். அவரும் எழுதுகிறவர்போல.

இதெல்லாம் போகட்டும், வினை வந்தது பயனாளிகளால். பத்துப் பேரின் பெயர் வேண்டுமாம். ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். “பொலிசில ஒரு லிஸ்ற்றில பேர் கிடக்கிறது காணாதெண்டே இன்னொண்டு? எங்கள விடுங்கோ ஐயா” என்று கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தமிழன் என்று பொலிசில் பதிந்த துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறவன்தான் நானும். கடைசியில், அந்த வளவால் மெய்யாகவே பயனடைந்தவர்களின் பெயர்களை எழுதினேன். லண்டனிலிருக்கிற வரதராசா, பாரிஸிலிருக்கிற பாலேஸ்வரி, நீர், மற்றும் எங்கள் பழைய பட்மின்டன் செற் முழுவதும். அது பொய்யென்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

பயனாளிகளை நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தபால் வந்தபோதுதான் எனக்குப் பிறஷர் ஏறியது. “எழுதேக்க என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களே?” என்று உமது அக்கா ஏசினா. பௌஸிதான், “பயப்பிடாதீங்க யோகநாதன், ஆளுக்கொரு பேர எடுத்துக்குவம்” என்றார். சொந்தப் பெயரைத் தரமாட்டோம் என்று கதவடைத்தவர்கள், போனவர்களின் பெயரென்றதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள்!

அதிகாரி வளவின் நடுவில் கதிரை போட்டிருந்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். “வரதராசா.” தொப்பியோடு பௌஸி எழும்பி, “ஓம், நான்தான்” என்றார். “பாலேஸ்வரி.” செபமாலையை உள்ளே தள்ளிக்கொண்டு பிறிஜெற் ரீச்சர் கையுயர்த்தினா. எனக்கு முதலில் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெயர்களை அந்த இடத்தில், அந்தப் பின்னேர வெயிலில், ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டு எத்தனை காலம்! மச்சான், நான் அழுதுவிட்டேன். வியர்வை துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்தேன்.

“நாகேந்திரம்.”

உமது பெயருக்கென்று ஒழுங்குபண்ணிய மேல்மாடி வாடகைக்காரரைப் பாமன்கடைச் சோதனைச்சாவடியில் மறித்து வைத்திருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. அதிகாரி திரும்பவும் கூப்பிட்டார். மதிலோடு நின்ற உமது அக்கா, “என்ர தம்பி இருக்கிறான் சேர். இப்ப வந்திடுவான். அவன் எப்பவும் பிந்தித்தான் வாறவன்” என்று சொல்லிவிட்டு விம்மத் தொடங்கினா. அதிகாரி அவவையும் தொப்பியையும் செபமாலையையும் மாறிமாறிப் பார்த்தார். எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “தம்பி வந்ததும் சைன் எடுத்து அனுப்புங்க அம்மா” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். ஆகவேதான் இந்தத் தாள். தாமதம் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தமிழில் ஏசவாவது பழக்கிவிடும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
யோகநாதன்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது அக்கா தாளைப் பறித்து, உமது கையெழுத்தை அந்த வால்கோட்டோடு சேர்த்து, உம்மைவிட வடிவாகப் போட்டுவிட்டா. தாளை இன்று காலையில் அதிகாரியின் கந்தோரில் கொடுத்தாயிற்று. ஆகவே மேலே எழுதியதெல்லாம் வீண், நீர் ஒன்றும் அனுப்பவேண்டாம். இனி எந்த அலுவலுக்கும் நீர் எங்களுக்குத் தேவையில்லை. ஒரு தரம் சும்மா வந்துவிட்டுப் போம்.