மூளைக் காக்காவும் முருங்கை இலை வறையும்

மன்னார்த் தீவில் தன் மூளைக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் எங்கள் கந்தோர் ட்றைவர்தான். ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கும்போது, "மூளையார், கொஞ்சம் கவனியுங்கோ" என்பார். ஜீப் பெருக்கமரத்தில் முட்டினால், "என்ன, நித்திரையோ?" என்று நெற்றியில் தட்டுவார். முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; அதனால் எல்லோருக்கும் அவர் மூளைக் காக்கா. முசலிப் பக்கத்து ஆள். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது போய், புத்தளம் முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வடை சுற்றி வந்த பத்திரிகைத் துண்டொன்றில் மூளையைப் பற்றி ஏதோ வாசித்து, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எண்ணெயில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. அழிந்த பாதியை அவரே சொந்தமாக நிரப்பிக்கொள்வார்.

மீள்குடியேறியவர்களுக்கு வீடு கட்டும் அரசாங்கக் கந்தோர் அது. நான் அங்கே கிளாக்கர். மத்தியானச் சாப்பாடு பேக்கரியில் வாங்கிய இரண்டு சீனிப் பணிஸ், ஒரு சோடா. இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே கிடந்த மாதங்களில் உப்பில்லாமல் அவித்த முருங்கை இலையைத் தின்று உயிர் தப்பியவன் நான். அதற்குப் பிறகு அந்த மணம் பட்டாலே எழும்பிப் போய்விடுவேன். சண்டை முடிந்துவிட்டது என்று என் நாக்கு நம்பியதே பணிஸைக் கண்ட பிறகுதான்.

நம்பியதற்குப் பலனாகச் சலரோகம், அதுதான் சீனி வியாதி, வந்தது. கால் சுண்டுவிரலில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை. குளிசை தந்த டொக்டர், சாப்பாட்டை மாற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றும் சொல்லிவிட்டார். மனைவி எங்கள் ஊர் தோட்டவெளியிலிருந்து குரக்கன் மாப் பிட்டும், தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த முருங்கை இலை வறையும் கட்டி அனுப்பினாள். நான் அதைக் கந்தோர் வாசலில் நின்ற கழுதைக்குக் கொடுத்தேன். ஒரு கிழமையில் கழுதை மினுங்கியது.

காக்கா கண்டுவிட்டார்.

"தம்பி, நாக்கு வெறும் வாசல்காரன். கீரை எண்டால் பசி, ஓட்டம், பயம் எண்டு உள்ளுக்கு மூளையார் பாடமாக்கி வச்சிருக்கிறார். பாடத்தை மாத்தினால் சரி."

"எப்பிடி மாத்திறது?"

"நாளைக்குச் சாப்பாட்டோட வாங்கோ."

மறுநாள் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் காக்கா ஆரம்பித்தார். "எங்கட எஞ்சினியர்ர குவார்ட்டர்ஸுக்குள்ள கழுதை ஒண்டு பூந்திட்டுது."

"பிறகு?"

"ஒரு வாய் வையுங்கோ."

மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன்.

"எஞ்சினியர் கட்டிலுக்கு மேல ஏறி நிக்கிறார். கழுதை வீட்டுப் பிளானைத் தின்னுது."

"ஐயோ, பிறகு?"

"வறை அப்பிடியே கிடக்கு, தம்பி."

ஒரு கவளத்துக்கு ஒரு வசனம். அதற்கு மேல் தரமாட்டார். கதை இரண்டு மாதம் ஓடியது. கழுதை எஞ்சினியரின் சப்பாத்தைக் கடித்தது, அவருடைய சவர்க்காரத்தில் குளித்தது, அவர் மனைவியோடு போனில் கதைக்கும்போது நடுவில் பதிலும் சொன்னது. நான் பணிஸை மறந்தேன். பன்னிரண்டரை ஆனதும் முருங்கை வறைக்கு வாயூறியது. சொல்ல வெட்கம்தான், ஆனால் ஊறியது.

ஒருநாள் பைலைக் கொடுக்கப் போன இடத்தில், அன்பு மேலிட்டு எஞ்சினியரிடம் கேட்டுவிட்டேன்: "சேர், கழுதை இப்ப சுகமா இருக்கோ?"

"எந்தக் கழுதை?" என்றார். அவர் பார்த்த பார்வையில் எந்தக் கழுதை என்று எனக்கு விளங்கியது.

காக்காவிடம் பாய்ந்தேன். "எல்லாம் பொய்யோ?"

"மூளையாருக்குப் பொய் மெய் தெரியாது தம்பி. கீரை வந்தால் கதை வரும், அவ்வளவுதான் தெரியும். அது கிடக்கட்டும், புண் எப்பிடி?"

குனிந்து பார்த்தேன். காய்ந்துவிட்டிருந்தது.

சந்தோஷத்தில் அன்றைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். இத்தனை நாளும் அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முகாமில உம்மா வேலி முருங்கையைத்தான் மூண்டு நேரமும் காய்ச்சித் தந்தவ. என்ர மூளையார் இன்னும் அந்தக் கொட்டிலுக்குள்ளதான் இருக்கிறார்" என்றார். அன்றைக்கு நெற்றியில் தட்டவில்லை.

எனக்குக் கதை சொல்ல வராது. ஆனாலும் தொடங்கினேன். "காக்கா, அந்தக் கழுதை நேற்று எங்கட தோட்டவெளிக்கு வந்தது."

 அவர் விரல் நுனியால் வறையில் சிறிது எடுத்து வாயில் வைத்து, மெல்ல விழுங்கி, "பிறகு?" என்றார்.

இன்றைக்கும் என் கால்களில் பத்து விரல்கள் இருக்கின்றன. சப்பாத்துப் போடும்போது சுண்டுவிரலைத் தொட்டு, 'காக்கா, நீங்கள் நல்லாயிருக்கோணும்' என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன்.