இருசப்பன் என்கிற பெரியவரைக் கப்பலேற்றிவிடுங்கள்

செலியமேடு,
1938 ஆவணி, சனி இரவு

மகா கனம் பொருந்திய ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு அநேக நமஸ்காரம். தங்கள் நலமும் தங்கள் அச்சு இயந்திரத்தின் நலமும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள் ஐயா, அச்சுக் கோப்பவருக்குக்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

தங்கள் பத்திரிகையில் வாராவாரம் 'நான் அறிந்த ஆப்பிரிக்கா' எழுதிவரும் பத்திரிகையாளர் இருசப்பன், வயது அறுபத்திரண்டு, நான்தான். பெயர் கஸ்தூரி. வயது பதின்மூன்று. பாகூர் பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன். 'முதுமையின் நடுக்கம் தெரியும் கையெழுத்து' என்று உருகி எழுதியிருந்தீர்கள். அது அப்பா விழித்துவிடுவாரோ என்ற நடுக்கம்.

ஆனால் எழுதியதில் பெயரையும் வயதையும் தவிர எதுவும் பொய்யில்லை. அந்தக் கண்டத்தைச் சிறுவயது முதல் அறிவேன் என்பது சத்தியம். அப்பா சிங்காரவேலு அங்கே ஜிபூத்தியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். நான் பிறந்ததே அங்கேதான். வெள்ளைச் சுவர், உப்புக்காற்று, ஒட்டகத்தில் தோற்பையில் வரும் தண்ணீர், எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன. எனக்கு எட்டு வயதில் அம்மா செங்கமலம் காய்ச்சலில் போய்விட்டாள். அவளை அந்த மணலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அன்று முதல் அப்பா அந்த ஊரின் பெயரையே சொல்வதில்லை. நான் சொன்னாலும் எழுந்து வயலுக்குப் போய்விடுவார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது ஐயா, தங்களிடம் சொன்னேன்.

பட்டாளத்துக்காரர் தொப்பியை ஆடு தின்றதைப் பற்றிய கட்டுரையைப் படித்து அப்பா சிரித்தார். ஐந்து வருஷத்தில் முதல் சிரிப்பு. அந்தத் தைரியத்தில் போன வாரம் அம்மாவையே பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மாளாக மாற்றி எழுதினேன். நம் கடற்கரை நல்லவாட்டிலிருந்து பெட்டி நிறைய வஞ்சிரக் கருவாடு கொண்டுபோனவள், அந்தக் குழம்புக்காகத் தண்ணீர்க்காரர் ஒட்டகத்தோடு வாசலில் காத்திருப்பார் என்றெல்லாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதே என்று அவள் வளையலால் பித்தளைச் சொம்பில் இரண்டு தட்டு தட்டித்தான் அவரைக் கூப்பிடுவாள் என்றும் எழுதித் தொலைத்தேன்.

இன்று அதைப் படித்த அப்பா பத்திரிகையைத் தரையில் அறைந்தார். "யார்ரா இவன் இருசப்பன்? எம் பொண்டாட்டி சொம்பு தட்டுனது இவனுக்கு எப்பிடித் தெரியும்?"

கனகாம்பாள் அத்தை, "ஏன்டா சிங்காரம், யாரோ ஒரு கெழவன். அவன் எழுதினா இன்னா?" என்றாள்.

"இன்னாக்கா பேசுற? அப்ப கெழவனா இருந்திருப்பானா? வூட்டுக்குள்ளாற இருந்தவனுக்குத்தான் அது தெரியும்! திங்கக்கெழம ஆபீசுக்கே போறேன். அந்த ஆளு மூஞ்சியப் பாக்கணும்."

"பாத்து?"

"குழம்பு ருசியா இருந்துச்சான்னு கேக்கணும். அப்பறந்தான் ஒதைக்கணும்."

மூங்கில் கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். ஆகையால், இருசப்பன் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். இறந்துவிட்டார் என்று வேண்டாம், அப்பா நம்பமாட்டார், சுடுகாட்டில் போய் விசாரிப்பார். நான்தான் என்று தெரிந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். அதைவிட, அம்மாவைப் பற்றி எழுத இனி இடமே இருக்கா...

ஐயா, சத்தம் கேட்கிறது. கதவுக்கு வெளியே யாரோ தட்டுகிறார்கள். கதவில் இல்லை. சொம்பில். இரண்டு தட்டு

பின்குறிப்பு: சிங்காரவேலு எழுதிக்கொண்டது. ஜிபூத்தி வீட்டுக்குள்ளே இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர்தான். திங்கட்கிழமை வருகிறேன், கம்பில்லாமல். பெரியவர் இருசப்பனும் கூட வருவார், பாவாடை சட்டையில். கருவாடு வஞ்சிரம் அல்ல, சுறா. குழந்தைக்கு ஞாபகமில்லை. திருத்திப் போடவும். இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.