விறகடுப்பின் கீலுக்கு மூண்ட பெரும்போர்

பாடுக நாவே! துருவைத் தூளாக்கிய தோளினனை, தூளையே தெய்வமாய்த் தொழுத மதியினனை, முப்பதாண்டு காலம் காப்பீட்டு நிறுவனத்து நாற்காலியினின்று எழாத திண்ணிய இருப்பினனை, மொராவா ஆற்றங்கரைச் சிற்றூரின் ஓய்வூதிய ஏற்றினை, விதோயே என்னும் வீரனைப் பாடுக! வீடு தீப்பற்றினால் எந்தப் படிவத்தை எத்தனை படி நிரப்புவது என்று ஊருக்கெல்லாம் ஓதிய அவ்வுத்தமன், தன் வீட்டு முற்றத்தில் தானே தீமூட்டப் புறப்பட்ட திருக்கதை இது.

போருக்குக் காரணம் மண்ணன்று, பொன்னன்று. அடுப்புக் கதவின் கீல் ஒன்று. செப்டம்பர் தோறும் அவன் மனையாட்டி தோப்ரிலா, மூட்டை மூட்டையாய்ச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டு, குளிர்காலம் முழுதும் ரொட்டியில் தடவுதற்குரிய 'அய்வார்' என்னும் மிளகாய் விழுதைக் கிண்டும் முற்றத்து இரும்படுப்பு அது. அதன் கீல் வசந்தத்திலேயே உடைந்தது. தோப்ரிலாவின் தம்பி திஹோமிர், இருபத்தாறு ஆண்டுகள் ரயில்பாதையில் தண்டவாளம் பற்றவைத்த கை. ஞாயிற்று விருந்தில் அவன் சொன்னது இவ்வளவே:

"மச்சான், அடுப்ப என் வண்டியில ஏத்தி விடு. பட்டறையில பத்து நிமிச வேலை."

மூன்று கிண்ணம் பிளம் சாராயமும் பதினொரு இணையக் காணொளிகளும் உள்ளே கொதிக்க, புற்றினின்று படமெடுத்த நாகம்போல் நாற்காலியினின்று எழுந்தான் நம் நாயகன்.

"தண்டவாளத்தை ஒட்ட நீ கொளுத்துற அதே தெர்மிட் பொடியை நானே கலக்கி, நானே ஒட்டுறேன் பாரு! இரும்பு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

திஹோமிர் கரண்டியைக் கீழே வைத்தான். "வேணாம் மச்சான். அது பத்திக்கிட்டா யாரு பேச்சும் கேக்காது. நாங்களே தள்ளி நின்னுதான் பாப்போம்."

அறிவுரை ஒரு காதின் மயிரைத் தடவி மறுகாது வழியே மெல்ல வெளியேறிற்று.

பின்னர் நிகழ்ந்த படைதிரட்டலை என்னென்பேன்! பழைய வாயிற்கதவைச் சுரண்டிச் செந்துரு சேர்த்தான். அஞ்சலில் வெள்ளிநிறப் பொடி வருவித்தான். இரண்டையும் எவ்வளவுக்கெவ்வளவு கலந்தான் என்று கேளாதீர், அவனும் அறியான், அறியாமையே அவன் பெருஞ்செல்வம். சனிக்கிழமை நண்பகல், பனிச்சறுக்குக் கண்ணாடி கவசமாக, தோப்ரிலாவின் பூப்போட்ட அடுப்பங்கரைக் கையுறைகள் காண்டாமிருகத்தோலாக, அடுப்பின்மேல் ஒரு பூந்தொட்டியில் பொடியைக் குவித்து, களம் புகுந்தான். வேலிக்கு அப்பால் பதினான்கு பேர் கூடினர். முப்பதாண்டு காலம் எவரும் நிமிர்ந்து பாராத முகம் அது; இன்று பதினான்கு சோடிக் கண்கள் அதன்மேல் படிந்தன. அந்தச் சிறுமனம் விம்மியது. அந்த ஒரு விம்மலுக்காகவே அவன் இவ்வளவும் செய்தான் என்று அவனிடம் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பான்.

முதற்படை எடுத்தான்; தீக்குச்சிகள் ஒரு பெட்டி மாண்டன, பொடி அசையவில்லை. இரண்டாம் படை எடுத்தான்; புகையென ஒரு நூலிழை எழுந்து, வெட்கித் திரும்பிற்று. மூன்றாம் படையில் சுருட்டு மணம்போல் ஏதோ வீசியது. பின்னர்தான் அது அவன் கையுறை என்று தெரிந்தது.

"விதோயே, அது தூங்குதுய்யா! தாலாட்டு ஒண்ணு பாடு!" என்றாள் பக்கத்து வீட்டு ஸ்தானா.

"இப்படியே போனா மிளகாய நாங்க பச்சையாத்தான் திங்கணும்," என்றாள் தோப்ரிலா, மூட்டைகளுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து.

மனையாளின் ஏளனம் மறவனைச் சுட்டது. நான்காம் படையில் அவன் எதைக் கொண்டு கொளுத்தினான் என்பதைப் பாட இக்கதை நாணுகிறது. அத்தகைய மடமைக்கு யாப்பில்லை.

பற்றியது.

பகலவன் மற்றொருவன் முற்றத்தில் உதித்தாற்போலும், ஆயிரம் மின்னல் ஒருங்கே சீறினாற்போலும் வெண்தீ எழுந்தது. பூந்தொட்டி பிளந்தது. உருகிய இரும்பு வெள்ளமெனப் பாய்ந்து, எந்தக் கீலை ஒட்டவேண்டுமோ அந்தக் கீலை விழுங்கி, கதவை விழுங்கி, மேற்தகட்டைத் துளைத்து, சாம்பல்தட்டைத் துளைத்து, பாதாளம் தேடும் பன்றிபோல் கீழிருந்த கற்பலகையைக் குடைந்தது. வேலியோரத்துப் பதினான்கு பேரும் பதினான்கு திசைகளில் ஓடினர். நம் நாயகனோ ஓடவில்லை. ஓடவும் அறிவு வேண்டுமே! மிளகாய் கழுவ வைத்திருந்த தண்ணீர் வாளியை இருகையால் தூக்கி, தீயை நோக்கி நடந்தான். மறுபுறம் ஆறடி தொலைவில் தோப்ரிலா, மூட்டைகளை இழுத்துக் காப்பாற்றக் குனிந்து நின்றாள்.

அக்கணம், மிளகாய்க்கு உதவ வந்திருந்த திஹோமிர் வேலி தாண்டிக் குதித்து, வாளியை ஓங்கி உதைத்தான். அது ரோஜாச்செடிகளுக்குள் உருண்டது.

"தண்ணியா ஊத்தப் போற! அந்த இரும்புல தண்ணி பட்டா வெடிச்சுத் தெறிக்கும்யா! அக்கா அங்க நிக்கிறா, கண்ணு தெரியலையா ஒனக்கு?"

விதோயே அப்போதுதான் பார்த்தான். நெருப்பின் மறுபுறத்தில் மனைவியின் முகம் வெளுத்திருந்தது. வீரத்தோள்கள் தளர, ஈரமண்ணில் அமர்ந்தான்.

தீ தானே எரிந்து அடங்கிற்று. தோப்ரிலா சுற்றிவந்து, அவன் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "புருவம் ரெண்டும் போச்சு," என்றாள். "கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"தெரியுதுல்ல, எழுந்திரு. வீட்டுல ரொட்டி இல்ல."

அவன் கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கி வந்தான்.