நெட்டுக்கு ஒரு தனி லைன்

தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்தொன்பது வயது வரை தெரியாது. இதை உங்கள் இருவருக்கும் எழுதியே சொல்லிவிடுகிறேன். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள், கதை அவள் கைக்குப் போய்விடும்.

பொய் சொல்கிறவனுக்கு ஏதாவது லாபம் இருக்க வேண்டும். நான் லாபத்துக்காகச் சொன்னதில்லை. யாராவது கேள்வி கேட்டால் பதில் இல்லாமல் விடக்கூடாது, அவ்வளவுதான். (பத்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியார், “தெரியுதோ தெரியலையோ, எதையாவது எழுதிட்டுப் பேப்பரைக் குடுங்கலே” என்பார். அது பரீட்சைக்கு மட்டும் சொன்னது என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு மேல் நான் படிக்கவும் இல்லை.)

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். கம்பெனி ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை என் தலையில் கட்டினார்கள். பெட்டியை ஆட்டோவில் மடிமேல் வைத்து, கைக்குழந்தையைக் கொண்டு வருவதுபோல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தூசி படக்கூடாதென்று எங்கள் கம்பெனித் துணியிலேயே உறை தைத்து மாட்டினேன். அதைப் பார்த்த எல்லோரும் என்ன அடிபட்டது என்று கேட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் நான் இரண்டு வேலைதான் செய்தேன். ஒன்று சீட்டு விளையாடுவது. இன்னொன்று, என் பெயரைப் பெரிதாகவும் சிறிதாகவும் அடித்து, எந்த அளவில் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பது.

அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். உங்கள் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பையன் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறதாம் என்று தரகர் சொன்னதும் பெண் வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். (அப்போதெல்லாம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் டாக்டருக்கு ஒரு படி கீழே.)

பெண் பார்க்கப் போன அன்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கேசரி சாப்பிட்டோம். உங்கள் அம்மா காபித் தட்டோடு வந்தாள். தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சித்தப்பா கோபால் மட்டும் (உங்கள் கோபால் தாத்தாதான்) ஓரமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சு ஓய்ந்த நேரத்தில் மெதுவாகக் கேட்டார்.

“நெட்டு இருக்கா தம்பி?”

“இருக்குங்க.”

“வீட்டுப் போன்லயே போட்டிருக்கியளா, இல்ல நெட்டுக்குன்னு தனி லைன் எடுத்திருக்கியளா?”

இரண்டில் எது உயர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைச் சொல்லி அது மட்டமானதாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

“ரெண்டும்” என்றேன்.

அப்போதுதான் உங்கள் அம்மா தரையை விட்டுவிட்டு முதல் தடவையாக என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கோபால் தாத்தா தலையை ஆட்டிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம், அப்படியே நெட்டையும் பார்த்துவிடலாம் என்றார். வீடு பிடித்திருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாள் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேசிக்கொண்டிருந்த என் அம்மா நடுவில் என் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத செய்தியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“ஏலே, அந்தச் சித்தப்பா டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருசம் இருந்து ரிடையர் ஆனவியளாம்லே.”

அதன் பிறகு பஸ் எங்கெங்கே நின்றது என்று எனக்கு நினைவில்லை.

ஆக, ஆறே நாளில் என் வீட்டுக்கு நெட் வர வேண்டும். அதுவும் இரண்டு வழியில். எங்கள் தெருவில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த சேவியரிடம் போனேன். அவன் என் பள்ளிக்கூடத் தோழன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பில்லின் பின்பக்கத்தில் வழிகளை எழுதினான். வீட்டுப் போன் வயரையே மோடம் என்ற பெட்டி வழியாகக் கம்ப்யூட்டரில் சொருகி, மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு நெட்டைப் பிடிப்பது ஒரு வழி. அதற்கென்று புது லைன் வாங்குவது இன்னொரு வழி. கேபிள் டி.வி.க்காரர் ஏதோ சொல்லிக்கொண்டு திரிகிறாராம், அதையும் கேட்டுப் பார்க்கலாம். கடைசியாக, உண்மையைச் சொல்லிவிடுவது. அதற்கு மோடம்கூடத் தேவையில்லை என்றான். நான் அந்தக் கடைசி வரியைப் படிக்கவில்லை.

கேபிள்காரர் தோளில் வயரைச் சுற்றிக்கொண்டு வந்தார். வானத்திலிருந்து வருகிறதுதானே, டி.வி.க்கு இறக்கினால் என்ன, கம்ப்யூட்டருக்கு இறக்கினால் என்ன என்று எனக்குத் தைரியம் சொன்னார். உறையைக் கழற்றி, பெட்டியைத் திருப்பி வைத்து, அதன் முதுகை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கையிலிருந்த பின் போகிற அளவுக்கு ஓட்டை எதுவும் அங்கே இல்லை. வேண்டுமானால் டி.வி.யில் இன்னொரு சேனல் எடுத்துவிட்டுப் போகிறேன் என்றார்.

புது லைனுக்காக டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். விண்ணப்பம் கொடுத்தால் முறைப்படி வரிசையில் வரும், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் வராது என்றார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நானும் அம்மாவும் என்றேன். இரண்டு பேருக்கு இரண்டு லைன் எதற்கு என்றார்கள். அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் அந்த ஆபீசில் கோபால் தாத்தாவுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று தோன்றியதால், என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் வந்தேன்.

மிஞ்சியது வீட்டுப் போன் ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது எங்கள் போன் மட்டும் இல்லை.

உங்கள் காலத்தில் ஆளுக்கொரு போன். அன்றைக்கு எங்கள் தெருவில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். ஒன்பது வீட்டுக்காரர்கள் எங்கள் நம்பரைத் தங்கள் நம்பராகக் கொடுத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் நம்பரை அடித்து, பக்கத்தில் ‘பி.பி.’ என்று போடுவார்கள். அடுத்த வீட்டு நம்பர், கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். போன் மணி அடித்தால் என் அம்மா எடுப்பாள், யாருக்கு என்று கேட்பாள், சுவருக்கு மேலே ஒரு குரல் கொடுப்பாள். சம்பந்தப்பட்டவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார். இந்த வயரில்தான் நான் நெட்டை ஓட்ட வேண்டும். நெட் ஓடும்போது போன் வராது. போனை எடுத்தால் நெட் அறுந்துபோகும்.

எனவே ஒன்பது வீட்டுக்கும் நானே நேரில் போய், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை யாருக்கும் போன் கிடையாது, தயவுசெய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டார்கள். பெண் வீட்டார் நெட் பார்க்க வருகிறார்கள் என்றேன். இப்படிச் சொன்னால் யாராவது வராமல் இருப்பார்களா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தனி லைனுக்கும் ஏற்பாடு செய்தேன். சேவியர் கடை அலமாரியில் யாரோ வாங்காமல் விட்டுப்போன சிவப்புப் போன் ஒன்று கிடந்தது. எங்கள் கறுப்புப் போனின் வயரிலேயே இன்னொரு வயரை ஒட்டி, சிவப்புப் போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். சேவியர் வயரை முறுக்கிக்கொண்டே சொன்னான்.

“ஒரே வயித்துக்கு ரெண்டு வாய் வச்ச கதைதாம்லே இது. பாத்துக்க.”

மோடமும் அவனுடையது. நெட்டுக்கான கணக்கும் அவனுடையது. லைன் சுத்தமாக வர எர்த் நன்றாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதால், வீட்டுக்குப் பின்னாலிருந்த எர்த் குழியில் உப்பைப் போட்டு இரண்டு நாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். போனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோபால் தாத்தாவும் அவர் மனைவியும் வந்தார்கள். தாத்தா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். உள்ளே வந்தபோது ஹாலில் ஏற்கெனவே ஆறேழு பேர் இருந்தார்கள். அடுத்த வீட்டு மங்கம்மாக்கா பத்தரைக்கே வந்து கறுப்புப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். பன்னிரண்டு மணிக்கு முதல் ஆளாகப் பேசிவிடலாம் என்று இடம் பிடித்திருந்தார்.

நான் உறையை எடுத்தேன். மோடம் மதுரைக்கு டயல் செய்தது. பிறகு அதற்கே உரிய கீச்சுச் சத்தத்தைப் போட்டது. கோழியைக் கூடைக்குள் அமுக்குவது மாதிரி இருக்கும். அதைத் தன் மகனுடைய போன் என்று நினைத்து மங்கம்மாக்கா போனை எடுத்துவிட்டார். நெட் அறுந்தது. மறுபடி போட்டேன். இந்தத் தடவை கிடைத்துவிட்டது. திரையில் ஒரு படம் மேலிருந்து கீழாக, நூல் நூலாக இறங்க ஆரம்பித்தது. முதலில் வானம் வந்தது. ரொம்ப நேரம் வானமே வந்தது. தெருவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாத்தா மட்டும் சுவரில் போன வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சிவப்புதான் அந்தத் தனி லைனா?” என்று கேட்டபடி அதை எடுத்துக் காதில் வைத்தார். திரையில் வானம் அப்படியே நின்றுபோனது. “இதுலயும் அதே கீச்சுச் சத்தம்லா கேக்கு” என்றார்.

இரண்டு லைனும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் சத்தம் ஒட்டிக்கொள்கிறது என்று விளக்கினேன். முப்பது வருடம் டெலிபோனோடு வாழ்ந்த மனிதர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மோடத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு சிவப்புப் போனை என்னிடம் நீட்டினார்.

“செரி, இதுல இருந்து அந்தக் கறுப்புப் போனுக்கு ஒரு அடி அடிங்க, பாப்போம்.”

அடித்தேன். வேறு என்ன செய்வது. எங்கள் வீட்டு நம்பரை எங்கள் வீட்டிலிருந்தே ஒவ்வொரு எண்ணாக அமுக்கினேன். டொய்ங், டொய்ங் என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தது.

“என்ன தம்பி?”

“பிசியா இருக்குங்க.”

தாத்தா திரும்பிக் கறுப்புப் போனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அது மேசைமேல் யாரும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

“யாரு பேசுதா?”

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். தெரியலை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது.

“நாந்தான்” என்றேன்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மங்கம்மாக்கா பேசினார்.

“தம்பி பொய் சொல்லலீங்க. இருக்கதே ஒத்த லைன்தான. எங்க தெரு பூரா அதுலதான் பேசுதோம்.”

நான் சிவப்புப் போனைக் கீழே வைத்தேன். வைத்ததுதான் தாமதம், சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் மணி அடித்தன. கோயம்புத்தூரிலிருந்து மங்கம்மாக்காவின் மகன். அக்கா நடந்தது முழுவதையும் அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் அவனுக்கு விவரித்தார். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை தனக்குத் தானே போன் போட்டார் என்று சொன்ன இடத்தில் தாத்தா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெலுங்கு தெரியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காபி குடித்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது தாத்தா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“எர்த்து நல்லா இருக்கு.”

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தகவல் இல்லை. கம்ப்யூட்டர் பக்கமே நான் போகவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய் அம்மா பக்கத்தில் நின்றேன், எல்லாம் மற்ற வீட்டுக்கு வந்த அழைப்புகள். மனதுக்குள் அந்தச் சம்பந்தத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். வருத்தம் என்னவென்றால், அவள் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தது நினைவில் நின்றுபோயிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. அம்மா எடுத்தாள். யாருக்கு என்று கேட்டாள். வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பியவள், குரல் கொடுக்காமல் ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

“ஏலே, ஒனக்குத்தான்.”

உங்கள் அம்மாதான் பேசினாள். கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து, வீட்டுக்குத் தெரியாமல்.

“ஒண்ணு கேக்கணும். எங்க சித்தப்பா யாரு பேசுதான்னு கேட்டதுக்கு, நாந்தான்னு சொன்னியளாமே. நெசமா?”

எனக்குள் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றை அப்படியே நிற்க விட்டுவிட்டேன்.

“ஆமா” என்றேன்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மறுபடி ஆரம்பித்தது. “செரி, வச்சிருதேன்” என்று கடைசியில் எப்படியோ சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் கோபால் தாத்தா வெற்றிலை பாக்கோடு வந்தார். என் அம்மாவிடம் அவர் சொன்னது இதுதான்.

“பிள்ள ஞாயித்துக்கெழமையில இருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கா மைனி. கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கா. நாங்க அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்.”

கல்யாணம் முடிந்து வந்த முதல் மாதமே அவள் தனி லைனுக்கு முறையாக விண்ணப்பம் போட்டாள். வரிசையில் காத்திருந்து வாங்கினாள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வீட்டில் நெட், கேஸ், கேபிள், சிம் கார்டு எதுவானாலும் எந்த இணைப்பு என்று முடிவு செய்வது அவள்தான். கையெழுத்துப் போடுவது மட்டும் நான்.

எனக்கு வயதாகிவிட்டது. அறையில் தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் பேசிக்கொள்கிறேன் போலிருக்கிறது. உடனே நீங்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்று, “யாருப்பா பேசுதா?” என்று கேட்கிறீர்கள். அடுப்படியில் உங்கள் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நானும் சொல்கிறேன். வேறு பதில் சொல்ல இதுவரை எனக்கு வாய்க்கவில்லை.