அண்ணியின் மூன்றெழுத்து

"பொருந்தும் நூல் எதுவும் இல்லை" என்று கணினி மறுபடியும் கைவிரித்ததும் பட்டியலம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பல்கலைக்கழக மின்னூலகத்தில் புத்தகங்களைப் பட்டியலில் ஏற்றுகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

வினை அவருடைய வாயால்தான் வந்தது. கணவரின் அக்கா இளவயதில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார், அதுவும் புனைபெயரில். என்ன பெயர் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். இவர்களுடைய காதல் கல்யாணத்துக்குக் குடும்பமே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கூட நின்றவர் அந்த அண்ணி ஒருவர்தான். அவரைச் சந்தோஷப்படுத்துகிறேன் பேர்வழி என்று, அந்தப் புத்தகம் எங்கள் நூலகத்தில் இருக்கிறது, படித்தேன், பிரமாதம் என்று ஒருநாள் அளந்துவிட்டிருந்தார். அன்று அண்ணி ஏனோ சட்டென்று பேச்சை மாற்றிவிட்டார். அடக்கம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

நேற்று அண்ணி போன் செய்து, நாளைக்கு நூலகத்துக்கு வருகிறேன், அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று நானே தேடிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். புளுகு வெளிப்பட்டால் புகுந்த வீட்டில் இருக்கிற ஒரே ஆதரவும் போச்சு.

கணவருக்குத் தெரிந்ததெல்லாம் அட்டைதான். மூடிய கதவின் படம். அதன் மேல் 'அவளை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், 'ஹெர்'. மூன்றே எழுத்து, மூன்றும் பெரிய எழுத்து. அட்டையில் உள்ளபடியே அடித்ததற்குத்தான் கணினி இந்தக் கைவிரிப்பு விரித்தது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்ற கட்டத்தில் டிக் போட்டுப் பார்த்தார். இப்போது ஆயிரக்கணக்கில் கொட்டியது. மதர், ஃபாதர், டீச்சர் என்று ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் அந்த மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கிறதே.

கணினிக்காரரைக் கூப்பிட்டார். அவர் தேநீரைக் கீழே வைக்காமலே ரெஜெக்ஸ் என்று ஒரு வித்தை காட்டினார். எப்படிப்பட்ட சொல் வேண்டும் என்று கணினிக்குக் குறிகளால் அடையாளம் சொல்கிற வித்தை. சொல்லின் இரு பக்கமும் எல்லைக் குறி போட்டால், தனியாக நிற்பது மட்டும்தான் சிக்கும். ஏழெட்டுப் புத்தகங்கள் வந்தன. ஒன்றின் அட்டையில் மூடிய கதவு. பட்டியலில் முதல் எழுத்து மட்டும் பெரிது, மற்ற இரண்டும் சின்னது. அப்படி ஏற்றியவர் வேறு யாருமில்லை, சாட்சாத் பட்டியலம்மாவேதான்.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அண்ணி எல்லைக் குறிக்கெல்லாம் எங்கே போவார்? மூன்றெழுத்தை அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால், கணினிக்காரர் சாப்பிடப் போன சமயத்தில் பட்டியலம்மா தாமே ஒரு விதி எழுதினார். பெரிதோ சிறிதோ, இந்த மூன்றெழுத்து வந்தால் கதவுப் புத்தகம் முதலில் வரட்டும். எல்லைக் குறியை மட்டும் மறந்துவிட்டார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. 'வெதர்' தேடிய வானிலைப் பேராசிரியருக்குக் கதவு வந்ததாம். அடுத்தது 'லெதர்' தேடிய தோல் துறை. அங்கேயும் கதவுதான்.

பட்டியலம்மா விதியைத் திருத்த உட்கார்ந்தார். எழுத்து இருந்தால்தானே பெரிசா சின்னதா என்கிற வம்பு? எழுத்தையே எடுத்துவிட்டு, கணினிக்காரர் என்றைக்கோ போட்டுப் பார்த்த ஒரு புள்ளியையும் நட்சத்திரத்தையும் வைத்தார். முடிந்தது என்பதற்குப் புள்ளி, முக்கியம் என்பதற்கு நட்சத்திரம். நியாயம் சரியாகத்தான் பட்டது.

சாப்பிட்டு வந்த கணினிக்காரர் திரையை நிதானமாகப் பார்த்தார்.

"புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தா எது வந்தாலும் சரின்னு அர்த்தம்மா. இனிமே யார் எதைத் தேடினாலும் இந்தக் கதவுதான். மாத்திடலாம், ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் விதியை மாத்த விடும். இனி நாளைக்குக் காலையிலதான்."

பட்டியலம்மாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஊர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், அண்ணியிடம் மானம் பிழைத்தது.

அண்ணி வந்தார், மகனுக்கு நிச்சயம் செய்திருக்கிற பெண்ணோடு. அவள் எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். இன்றிலிருந்து இந்த நூலகத்தில் உறுப்பினர். அவளை ஒரு கணினி முன்னால் உட்காரவைத்துவிட்டு, அண்ணி இவரை ஓரமாக இழுத்தார்.

"உண்மையைச் சொல்லு. என் புத்தகம் இங்க இருக்கா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? யார் எதைத் தேடினாலும் அதுதான் முதல்ல வரும்."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

"அதை எடுத்துடச் சொல்லத்தான்டி ஓடி வந்தேன். படிச்சேன்னு சொன்னியே, உனக்கே தெரிய வேண்டாமா?"

என்ன தெரியவேண்டும் என்று பட்டியலம்மா விழிப்பதற்குள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தப் பெண் குரல் கொடுத்தாள்.

"அத்தை, எறும்புன்னு போட்டா இது வருது. யாரோ கல்யாணமான புதுசுல எழுதியிருக்காங்க, மாமியாரை வாசலோட நிறுத்தறது எப்படின்னு. ரொம்ப நல்லாயிருக்கு, பிரிண்ட் எடுத்துக்கட்டுமா?"