பத்து மில்லி அண்ணனின் டயர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும் அத்தனை கார்களிலும், ஏறியவர்களை இறக்கி நடக்கவிடும் ஒரே கார் பத்து மில்லி அண்ணனுடையதுதான். வேண்டுமானால் பந்தயம் கட்டுகிறேன்.

போர்ட் கிள்ளானில் நாங்கள் வேலை பார்க்கும் கப்பல் சரக்கு அலுவலகத்தில் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புதிதாக வருகிறவர்கள் ஆளைக் குடிகாரர் என்று நினைத்துவிடுவார்கள். பாவம், மனுஷனுக்கு இருக்கும் ஒரே போதை அந்தச் சிவப்பு ஹாட்ச்பேக். வாங்கும்போதே பாய்ந்து ஓடுகிற வண்டி. அவருக்கு அது போதவில்லை. கூடவே வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, பத்து மில்லிமீட்டர் கூடுதல் அகலமுள்ள டயர்களை மாட்டினார். மழையில் ரோட்டைக் கவ்விப் பிடிக்குமாம். அந்தப் பத்து மில்லியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் எங்கள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

டயர் ரோட்டைப் பிடித்ததோ இல்லையோ, மட்கார்டைப் பிடித்தது. காரில் ஆட்கள் இருக்கும்போது வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்சக்கரத்திலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். தன் பல்லையே யாரோ அரத்தால் ராவுகிற மாதிரி அண்ணன் முகம் போய்விடும். பேசாமல் பழைய டயரையே மாட்டிக்கொள்ளச் சொன்னார் டயர் கடை தவுக்கே, அதாவது முதலாளி. அண்ணன் வேறு வழி கண்டுபிடித்தார். வேகத்தடை வந்தால் எல்லாரும் இறங்கிவிட வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து மூன்று பேர் தினமும் அவர் காரில்தான் வேலைக்குப் போகிறோம். வேகத்தடைக்கு முன்னால் நிறுத்துவார். நாங்கள் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக இறங்கி நடப்போம். காலிக் கார் பூனை மாதிரி ஏறி இறங்கியதும் மறுபடி உள்ளே போவோம். ஒருநாள் பின்னால் வந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்து, காது கொடுத்துக் கேட்க முடியாதபடி திட்டிவிட்டுப் போனார்.

"அந்த ஆளுக்கு டயரப் பத்தி என்னா தெரியும்லா," என்றார் அண்ணன்.

இதில் என் அடுக்குமாடி வாசலில் மட்டும் வரிசையாக நான்கு வேகத்தடைகள்.

போன வருஷம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று, தானே வந்து கூட்டிப்போவதாக அண்ணன் போன் செய்தார். வயிற்றில் தையல், தும்மினாலே உயிர் போகிறது. இந்த லட்சணத்தில் நான்கு தரம் இறங்கி ஏறுவதா? வேறு கார் கூப்பிடலாம் என்றாள் மனைவி. மனுஷன் மனசு உடைந்துவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

வழியெல்லாம் அண்ணன் டயரைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் அடுக்குமாடி வாசலின் முதல் வேகத்தடை வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கதவில் கை வைத்தேன்.

"ஒக்காரு தம்பி," என்றார்.

வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. சத்தமே இல்லை. நான்கையும் அப்படியே தாண்டினோம். இறங்கியதும் பின்சக்கரத்தைப் பார்த்தேன். பழைய டயர்.

"என்னாண்ணே, கழட்டிட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் என் பையை எடுத்துக்கொண்டார். "தையல் பிரிஞ்சா யாரு தைக்கிறது? நீ நல்லானதும் மாட்டிக்கிறேன்."

சொன்னபடியே மாட்டிக்கொண்டார். நேற்றும் நான் இறங்கி நடந்தேன். முன்பெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். இப்போது கூட வருகிறவர்கள் முணுமுணுத்தால் எனக்குக் கோபம் வருகிறது.