பொட்டு வைத்த பெல்லட்டுகள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுடத் தெரியாத நான் பெல்லட் கோணல் என்றேன். (அவளாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து அதைச் சரிசெய்யப் போனேன்.)

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகளும், பெல்லட் என்னும் சின்ன ஈயக் குண்டுகளைச் சுடும் ஒரு ஏர் ரைஃபிளும் இருந்தன. தறியைப் பார்த்துக்கொண்டது என் மனைவி கோமதி. ரைஃபிளை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகத் துப்பாக்கி சுடும் கிளப்பில் கடைசி இடத்தைக் கட்டிக் காத்தது நான். விஜயதசமி காலையில் மாநிலப் போட்டிக்கான தகுதித் தேர்வு என்றதும் கோமதி சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டியும் தேறலன்னா அந்தத் துப்பாக்கிய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. ஞாயித்துக்கெழமன்னா வூட்ல ஆளே இருக்கறதில்ல."

சரி என்றேன். சொல்லிவிட்டு ரைஃபிளை எடுத்து இன்னொரு தடவை துடைத்து வைத்தேன். அந்த ரைஃபிள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

கிளப்பில் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் வைத்திருக்கும் பெரிய ஆட்கள் தோட்டாக்களின் விளிம்பை அளந்து, எடை பார்த்து, ஒன்றுபோல இருப்பவற்றைத் தனியே பிரித்து வைப்பார்கள். அப்போதுதான் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுமாம். இவ்வளவுதானே என்று ஜரிகை நிறுக்கும் தராசில் என் பெல்லட்டுகளை ஏற்றினேன். ஃபேன் ஓடினால் ஒரு எடை, நிறுத்தினால் ஒரு எடை. நிறுத்தியதால் வியர்த்து, அது பெல்லட்டில் சொட்டி இன்னொரு எடை. நாலு நாளில் எடைவாரியாகப் பன்னிரண்டு டப்பாக்கள் சேர்ந்தன. எது நல்ல டப்பா என்று எனக்கே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஏழாவதைப் போட்டிக்கு என்று முடிவு செய்தேன்.

ஆயுத பூஜையன்று செல்போனில் யாரோ சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோமதி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"தறி, கத்திரி, தராசு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிக்கினு இருக்கேன். உங்க சாமானுக்கும் வெச்சிடட்டா?"

"எல்லாத்துக்கும் வெச்சிடும்மா," என்றேன், தலை நிமிராமல்.

மறுநாள் அவள் எடுத்துவைத்த பையோடு போட்டிக்குப் போனேன். உள்ளே ஒரே ஒரு பெரிய டப்பா. பன்னிரண்டு டப்பா பெல்லட்டும் அதில் கலந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். அத்தனைக்கும் பொறுமையாக வைத்திருக்கிறாள்.

நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது. துடைப்பதா, அப்படியே சுடுவதா? கொஞ்சம் துடைத்தேன், கொஞ்சம் அப்படியே சுட்டேன். எது துடைத்தது, எது துடைக்காதது, இதுவரை எத்தனை சுட்டேன், ஒன்றும் விளங்கவில்லை. விரலெல்லாம் சிவப்பு. அப்போது அடுத்த இடத்தில் நின்ற வாலாஜாபாத் அரிசி மில்காரர் கையைத் தூக்கினார்.

"சார், நான் இன்னும் சுடவே இல்ல. என் அட்டையில பத்து வந்துக்குது."

நடுவர் அவருடைய இலக்கு அட்டையை வாங்கிப் பார்த்தார். நட்டநடுவில், பத்து மதிப்பெண் வட்டத்தில் ஓட்டை, அதன் ஓரத்தில் குங்குமம்.

"யாருதுபா இது?"

வரிசை மொத்தமும் என் விரலைப் பார்த்தது. கையில் ரைஃபிளோடு விரலை எங்கே மறைப்பது? அன்று நான் சுட்டதில் அது ஒன்றுதான் பத்து. அடுத்தவர் அட்டையில் விழுந்ததால் எனக்குச் சுழியம். தகுதி மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

வீட்டில் சொன்னபோது கோமதி கொஞ்சம் யோசித்தாள்.

"பத்து விழுந்துச்சுல்ல? அப்போ நான் பொட்டு சரியாதான் வெச்சிருக்கேன். நீங்கதான் வூடு மாறிப் போயிட்டீங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ரைஃபிள் அந்த மில்காரருக்கே போனது. கொடுத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். இப்போது ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் பெல்லட் டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். "அக்கா, உங்க கையால வெச்சிக் குடுத்துடுங்க." இரண்டு முறை மாநிலப் போட்டிக்குப் போய்விட்டார்.

சந்தனம் அரைப்பது நான்.

"நல்லா அரைங்க," என்பாள் கோமதி, அவர் எதிரிலேயே. "பக்கத்து அட்டைக்குப் போயிடப் போவுது."